டைனோசர் காலத்துக் கடலடிக்குக் காரில் போய் வருவது எப்படி: அரியலூர் – பெரம்பலூர் கையேடு

"டைனோசர் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றாதீர்கள். அரியலூர், பெரம்பலூர் பக்கம் நின்ற கோலத்தில் எலும்புக்கூடு எதுவும் மண்ணிலிருந்து எட்டிப் பார்க்காது. அங்கே இருப்பது ஒரு பழைய கடலின் அடித்தரை. டைனோசர்கள் கரையில் நடமாடிய காலத்தில் தண்ணீருக்குள் வாழ்ந்தவை அந்த மண்ணில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. கடலைப் பார்க்கப் போகிறோம், டைனோசர் எலும்பு கிடைத்த மண்ணின் கதையையும் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பினால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. அந்தக் கடலை எப்படித் தேடுவது, எப்படி அடையாளம் காண்பது, எதைத் தொடக்கூடாது என்பதற்குத்தான் இந்தக் கையேடு.

போகும் முன் மனதில் வைக்க வேண்டிய வரைபடம்

இந்தியா தெற்குக் கண்டங்களிலிருந்து பிரிந்து நகரத் தொடங்கிய பிறகு, இன்றைய காவிரிப் படுகைப் பகுதிக்குள் கடல் பலமுறை ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்தன. அந்த அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. இதனால் பயணிக்கு ஒரு பெரிய வசதி: மேற்கே இருப்பது பழையது, கிழக்கே போகப் போகப் புதியது. பாடாலூரிலிருந்து அரியலூர் நோக்கி வண்டி ஓட்டினால், அரை மணிக்கொரு தரம் கோடிக்கணக்கான ஆண்டுகளைத் தாண்டி வருகிறீர்கள்.

சென்னை – திருச்சி நெடுஞ்சாலை ஓடுவது மிகப் பழைய கடும்பாறை மேல். அதில் பாசில் (கல்லாகிப்போன பழைய உயிர்) கிடையாது. சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் முதலில் வருவது ஊட்டத்தூர் தொகுதி (தேர்தல் தொகுதி இல்லை, பாறை அடுக்குகளின் தொகுப்பு). அதற்கடுத்தது திருச்சி தொகுதி, அதற்கும் கிழக்கே அரியலூர் தொகுதி. 1860களின் தொடக்கத்தில் பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் இந்த வட்டாரத்தை நடந்தே அளந்து வைத்த பெயர்கள் இவை. இன்றும் உலகெங்கும் டைனோசர்களின் கடைசி யுகமான கிரிட்டேசியஸ் காலத்தைப் படிப்பவர்கள் ஊட்டத்தூர் என்ற பெயரைச் சொல்கிறார்கள். அரியலூர் தொகுதியின் உச்சியில் கல்லமேடு படிவு. அதற்கு மேலே நிண்ணியூர் சுண்ணாம்புக்கல். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக் கோடு இந்த இரண்டுக்கும் இடையே போகிறது. கல்லமேட்டில் டைனோசர் எலும்பு உண்டு. நிண்ணியூரில் டைனோசரும் இல்லை, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரும் இல்லை.

அதனால் பயணத்தை மேற்கிலிருந்து கிழக்காக அமையுங்கள். காலையில் காரை என்ற ஊரின் ஓடைகள், பிறகு சாத்தனூர் கல்மரம், மதியத்துக்கு மேல் வாரணவாசி அருங்காட்சியகம். தலைகீழாகப் போனால் கதையும் தலைகீழாகத்தான் புரியும். இன்னொரு காரணம் வெயில். காரையில் ஒதுங்க நிழல் இல்லை. அருங்காட்சியகத்தில் கூரை இருக்கிறது.

எப்போது போவது

ஜனவரியும் பிப்ரவரியும்தான் சரியான மாதங்கள். வடகிழக்குப் பருவமழை களிமண்ணை அரித்துப் புதிதாகப் பலவற்றை மேலே கொண்டுவந்து போட்டிருக்கும். மண்ணும் காய்ந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை போகவே வேண்டாம். காரைக் களிமண் தண்ணீர் பட்டால் உப்பி வழுக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனக்கும். மேட்டு ஓரங்கள் கால் வைத்ததும் சரியும். கடைசி மழை பெய்து முழுதாக நான்கு, ஐந்து நாள் வெயில் அடித்த பிறகே ஓடைக்குள் இறங்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் அந்த வெள்ளையும் செம்பழுப்புமான மண் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அப்போது போயே தீர வேண்டுமென்றால் காலை ஆறரைக்கு இறங்கி ஒன்பதுக்குள் மேலே ஏறிவிட வேண்டும்.

சென்னையிலிருந்து பெரம்பலூர் ஏறத்தாழ 265 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து 60. சென்னைக்காரர்கள் விடிகாலை கிளம்பி வந்து அன்றைக்கே பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். அப்படி வந்தால் காரையில் இறங்கும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். வெளிச்சம் தலைக்கு நேர் மேலே இருக்கும், நிழல் விழாது, கல்லின் வரிகள் எதுவும் கண்ணில் படாது. முந்தின இரவே பெரம்பலூரிலோ திருச்சியிலோ தங்கிவிடுங்கள். இந்தப் பயணத்தில் எதைக் குறைத்தாலும் அந்தக் காலை ஏழு மணி வெயிலைக் குறைக்காதீர்கள்.

வழியில் தவறுவது

முதல் தவறு பெயரில் நடக்கும். மேப்பில் "சாத்தனூர்" என்று மட்டும் போட்டால் திருவண்ணாமலை மாவட்டத்து சாத்தனூர் அணைக்குக் கூட்டிப்போய்விடும். "சாத்தனூர் கல்மரப் பூங்கா, பெரம்பலூர் மாவட்டம்" என்று முழுதாகத் தேடுங்கள். காரை என்ற பெயரிலும் பல ஊர்கள் உண்டு. பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம், கொளக்காநத்தம் அருகே உள்ள காரை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் சிறுவாச்சூரைத் தாண்டி பாடாலூர் வருவதற்குள் கிழக்கே பிரியும் சாலைகள்தாம் உங்களுக்கு வேண்டியவை. திரும்பும் முன்பே நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட்டு, தண்ணீர் வாங்கி, கழிவறை வேலையையும் முடித்துவிடுங்கள்.

இரண்டாவது தவறு டயரில். ஊர்ச் சாலையை விட்டு மண்பாதையில் இறங்கினால் சீமைக்கருவேல முள் தப்பாது. காய்ந்த முள் டயரின் பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டுப் போட முடியாது. டியூப்லெஸ் ஒட்டும் பெட்டி இருந்தாலும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். தார்ச்சாலை ஓரமாக, வைக்கோல் வண்டியும் டிராக்டரும் போக இடம் விட்டு நிறுத்தி, மிச்சத்தை நடந்தே போங்கள். கரிசல் நிலத்தில் சக்கரத்தை இறக்கவே கூடாது. மேலே காய்ந்தது போலத் தெரியும், கீழே ஈரம் இருக்கும்.

மூன்றாவது, லாரிகள். இந்தப் பகுதியே சிமென்ட் தொழிலின் இதயம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அரியலூரைச் சுற்றிய சாலைகளில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். புழுதியில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு கடைசி நொடியில்தான் தெரியும்.

என்னென்ன கொண்டுபோவது

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், குழந்தைகளுக்கு ஓஆர்எஸ் பொட்டலம். கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் பேன்ட். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு கைலென்ஸ். ஒரு அங்குல பெயின்ட் பிரஷ். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், மூன்று மீட்டர் அளவு நாடா. தண்ணீர் தெளிக்கும் சிறு பாட்டில். டார்ச். குடை. நோட்டும் பென்சிலும். முட்டி போட்டு உட்கார ஒரு பழைய சாக்கு. ஸ்கேலை மறந்துவிட்டால் பத்து ரூபாய் நாணயம் போதும், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.

சுத்தியலும் உளியும் வேண்டாம். அவை கையில் இருந்தால் பயன்படுத்தத் தோன்றும்.

காரை ஓடைகளில் தேடுவது

ஊருக்கு வெளியே நிலம் திடீரென்று கிழிந்து, மடிப்பு மடிப்பாகச் செம்பழுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக இறங்கும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கரையிலிருந்து தள்ளி, ஆழமான அமைதியான கடலின் அடியில் படிந்த களி இது. ஓடைக்குப் போகும் வரப்பு யாருடையதோ, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடங்கள். "அண்ணே, ஓடைப் பக்கம் கல்லு பாக்கப் போறோம், இந்த வரப்பு வழியா போலாமா?" என்றால் வேண்டாம் என்பவர் அரிது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் நிலம் இது. வெங்காயப் பாத்தியை மிதித்துக்கொண்டு போகிறவர்களால்தான் அடுத்து வருகிறவர்களுக்கு வழி அடைபடுகிறது.

இறங்கும் முன் காரின் இடத்தை போனில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லா மடிப்பும் ஒன்று போலவே இருக்கும். மேட்டு முதுகுகளில் ஏறி நடக்காதீர்கள். மேல் ஓடு சோளப்பொரி போல உப்பியிருக்கும், கால் வைத்தால் உள்ளே போகும், ஆளும் சரிவார், மேடும் உடையும். ஓடையின் அடிப்பாதையிலேயே நடங்கள்.

தேட வேண்டிய இடமும் அதுதான். சரிவில் அரித்து வந்த சிறு கால்வாய்கள் சமதரையைத் தொடும் இடத்தில் விசிறி போல மண்ணைக் கொட்டியிருக்கும். களி கரைந்து போயிருக்கும், கனமானவை மட்டும் தங்கியிருக்கும். அங்கே சாக்கை விரித்து முட்டி போடுங்கள். கண்ணால் ஒரு சதுர மீட்டரைக் கட்டம் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் அதை மட்டும் பாருங்கள். நடந்துகொண்டே தேடுகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. முதல் மூன்று நிமிடம் வெறும் கல்லாகத்தான் தெரியும். ஏதோ ஒரு வடிவம் கண்ணில் பட்டதும் அதே வடிவம் பத்து இடங்களில் தெரியத் தொடங்கும்.

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் கண்ணாடிச் சில்லு போல மின்னும் ஜிப்சம். அது பாசில் இல்லை, நகத்தால் கீறினாலே கோடு விழும். அடுத்தது பெலம்னைட். கணவாய் இனத்தின் உறவு. உடம்புக்குள் இருந்த கடினமான முள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தேன் நிறத்திலோ பழுப்பாகவோ, துப்பாக்கி ரவை போல ஒரு முனை கூராக, சுண்டுவிரல் அளவிலோ அதைவிடச் சிறியதாகவோ இருக்கும். உடைந்த துண்டு கிடைத்தால் அதை விடாதீர்கள், அதுதான் நல்லது. வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து நான்கு பக்கமும் நேர்க்கோடுகள் ஓடும், குறுக்கே வெட்டிய எலுமிச்சம்பழத்தைப் போல. சாதாரணக் கல்லில் இந்த அமைப்பு வராது.

பிறகு அம்மோனைட். சாளக்கிராமம் பார்த்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. கண்டகி நதிக்கரையிலிருந்து வந்து பூஜையறையில் இருப்பதும் இதே இனத்தின் சுருள்தான், அது இன்னும் பழைய கடலிலிருந்து வந்தது. காரையில் கிடைப்பவை பெரும்பாலும் சிறியவை, துண்டுகள். முழுச் சுருளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வளைந்த, விலா எலும்பு போல வரிவரியாக மேடு உள்ள ஒரு துண்டே போதும். மேல்தோல் போயிருந்தால் பக்கவாட்டில் தண்ணீர் தெளித்து, டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். கொத்தமல்லி இலையின் ஓரம் போல நெளிந்து நெளிந்து ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். உள்ளறைகளைப் பிரித்த சுவர்கள் வெளி ஓட்டைத் தொட்ட தடம் அது. அறிவியலாளர்கள் ஒரு அம்மோனைட் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பதற்குப் பயன்படும் முக்கிய அடையாளங்களில் ஒன்று இந்தக் கோடு. இதைப் பார்ப்பதற்கு மட்டுமே காரைக்குப் போகலாம்.

கவனமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தால் சுறாப் பல் கிடைக்கும். நெல்லை விடச் சற்றே பெரியது, பளபளப்பான எனாமல், கூர்முனை. மீன்பல்லி என்று சொல்லத்தக்க இக்தியோசார்களின் எலும்புகளும் இந்தப் படிவில் பதிவாகியிருக்கின்றன. அவை டைனோசர் அல்ல, கடலில் வாழ்ந்த ஊர்வன.

"முட்டை" கிடைத்தால்

இந்த வட்டாரத்தில் அதிகம் பேரை ஏமாற்றுவது உருண்டைக் கல். 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைகள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி ஒரே நாளில் ஊரெங்கும் பரவியது. பார்த்த வல்லுநர்கள், அவை அம்மோனைட் போன்ற கடலுயிர்களைச் சுற்றி உருண்ட கற்கள் என்றார்கள்.

அது எப்படி உருண்டையாகிறது? கடலடிச் சேற்றில் ஓர் உயிர் செத்துப் புதைகிறது. அது அழுகும்போது சுற்றியுள்ள சேற்றின் வேதித்தன்மை மாறுகிறது. அங்கே மட்டும் சுண்ணாம்போ பாஸ்பேட்டோ இறுகுகிறது. வெங்காயம் போல மேலும் மேலும் பூசிக்கொண்டு உருண்டை வளர்கிறது. பிற்காலத்தில் மென்மையான களி கரைந்து போகும்போது உருண்டை மட்டும் தனியாக நிற்கிறது. ஊட்டத்தூர் தொகுதிக் களியில் பாஸ்பேட் உருண்டைகள் ஏராளம்.

பிரித்தறிய மூன்றைப் பாருங்கள். உண்மையான முட்டைக்கு ஓடு உண்டு. ஓரிரண்டு மில்லிமீட்டர் தடிமனில், உள்ளே இருக்கும் கல்லிலிருந்து நிறத்திலும் அமைப்பிலும் வேறுபட்ட தனிப் படலமாக அது தெரிய வேண்டும். லென்ஸில் அந்த ஓட்டின் மேல் புள்ளி மேடுகளும் மூச்சுத் துளைகளும் தெரிய வேண்டும். மூன்றாவது, சுற்றியுள்ள மண். அதே மண்ணில் அம்மோனைட்டும் சிப்பியும் கிடக்கிறதென்றால் அது கடல். எந்த டைனோசரும் கடலடியில் முட்டையிடவில்லை. இந்த மூன்றாவது கேள்வி ஒன்றே பத்தில் ஒன்பது சந்தேகங்களைத் தீர்த்துவிடும்.

சாத்தனூர் கல்மரம்

காரையிலிருந்து சிறிது தூரம். வேலிக்குள் ஒரு பள்ளத்தில் 18 மீட்டருக்கு மேல் நீளமான அடிமரம் படுத்திருக்கிறது, முழுதும் கல். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னது. அதன் வயது 12 கோடி ஆண்டுகள் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு, ஆனால் அடுக்கு வரிசைப்படி பார்த்தால் அது காரைக் களியைவிடப் புதியதாக இருக்க வேண்டும். இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

பலரும் வேலியருகே நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அரை மணியாவது ஒதுக்குங்கள். அடியிலிருந்து நுனிவரை மெல்ல நடந்து, மரம் எப்படிச் சிறுக்கிறது என்று பாருங்கள். குறுக்கே துண்டு துண்டாக விரிசல் விட்டிருக்கும். யாரும் அறுத்ததில்லை. மரம் கல்லான பிறகு மேலே இருந்த சுமையிலும் நில அசைவிலும் உடைந்தவை அவை. கல் என்பதால் வளைய முடியாமல் ஒடிந்திருக்கிறது. மரநாரின் ஓட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. நிலத்தடி நீரில் கரைந்து வந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளை ஒவ்வொன்றாக நிரப்பியதால் வந்த வேலைப்பாடு அது.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கடல் இருந்த இடத்தில் மரம் எப்படி? கரையோரக் காட்டு மரத்தை ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ளியது. மரம் நீரில் ஊறி மூழ்கியது. அழுகுவதற்குள் மணல் மூடிவிட்டது. ஆடிப்பெருக்கில் கொள்ளிடத்தில் மிதந்து வரும் மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சில்லைப் பெயர்த்துப் பையில் போடுவது இங்கே சட்டப்படியும் தவறு.

சுண்ணாம்புக் குழிகள்: தள்ளி நில்லுங்கள்

கிழக்கே போகும் வழியில் கைவிட்ட குழிகளும் ஓடும் சுரங்கங்களும் தென்படும். அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் பெரும்பகுதி சிப்பிகளாலானது. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆழமற்ற கடலில் கிரைஃபியா என்ற தடித்த சிப்பி மேடு மேடாகக் குவிந்து கிடந்தது. அதை வெட்டி அரைத்துத்தான் சிமென்ட் ஆக்குகிறார்கள். நம் வீடுகளில் பல, இந்தச் சிப்பிகளால் கட்டியவை.

பார்க்க ஆசை வரும். ஆனால் அனுமதி இல்லாமல் எந்தக் குழியிலும் இறங்கக் கூடாது. ஓடும் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். கைவிட்ட குழியில் பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கும். கரை செங்குத்து, ஆழம் தெரியாது, விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. உள்ளே போய்ப் படிக்க வேண்டியிருந்தால் நிறுவனத்துக்கு முன்கூட்டியே கல்லூரி மூலம் கடிதம் எழுதிப் போங்கள். குடும்பத்தோடு வந்தவர்களுக்குச் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் கல்லே போதும், அதிலேயே சிப்பி தெரியும்.

கல்லமேடு: போகாமல் தெரிந்துகொள்ள வேண்டிய இடம்

டைனோசர் எலும்பு கிடைத்த இடம் இதுதான். கடல் பின்வாங்கி, ஆறுகள் மணலும் களியும் கொட்டிய காலத்துப் படிவு. அதனால்தான் தரைவாழ் உயிர்கள் இங்கே கிடைத்தன. 1920களின் இறுதியில் மேட்லி என்பவர் இவ்வட்டார டைனோசர்களைப் பற்றி எழுதினார். பிறகு புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் இங்கே மிகப் பெரிய எலும்புகளைக் கண்டு, புருகத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயரிட்டார்கள். பெரிய உடம்புக்காரன் என்று பொருள். முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பிறகு அது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று ஆய்வாளர்கள் திருத்தினார்கள். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். பூமியில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரம் ஏறி இற்றுப்போன நிலையில் கிடைத்தவை, அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேராமலே உதிர்ந்து போயின. மிஞ்சியது வரைபடங்களும் சில புகைப்படங்களும்தாம். பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே இந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமைப் பயணி கரண்டியால் நோண்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதே மண்ணிலிருந்து ட்ரூடான்டிட் என்ற சிறு டைனோசரின் ஒற்றைப் பல் கிடைத்து 2013இல் அறிவிக்கப்பட்டது. கால் தூசு அளவுள்ள ஒரு பல், தென்கண்டங்களில் அந்தக் குடும்பம் இருந்ததற்குச் சாட்சியாயிற்று. கல்லமேட்டில் பார்வையாளர்களுக்கென்று ஒன்றும் இல்லை. தோண்டும் எண்ணத்தோடு அங்கே போகாதீர்கள்.

அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். அருங்காட்சியகத்து வெளிமுற்றத்தில் அளவு நாடாவை இழுத்து 2 மீட்டர் குறியுங்கள். பிள்ளையை அதன் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். "இது முழங்காலுக்குக் கீழே மட்டும்" என்று சொல்லுங்கள்.

எலும்பு போல ஒன்று கண்ணில் பட்டால்

வெளிப்புறம் வழுவழுப்பு, உடைந்த இடத்தில் ரஸ்க் போல நுண்துளைகள் தெரிந்தால் அது எலும்பாக இருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் தெளிக்காதீர்கள். அம்மோனைட்டுக்குச் செய்ததை இதற்குச் செய்தால் ஊறி உப்பி உடையும். பிரஷால் துடைப்பதும் வேண்டாம்.

படம் எடுங்கள், மூன்று தூரங்களில். முதலாவது பத்தடி தள்ளி நின்று, பின்னணியில் மரமோ மேடோ தெரியும்படி. இரண்டாவது இடுப்பு உயரத்திலிருந்து. மூன்றாவது நெருங்கி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து. நடுப்பகலாக இருந்தால் குடையால் நிழல் போட்டு, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். மேடுபள்ளம் எழுந்து வரும். ஜிபிஎஸ் எண்களை நோட்டில் எழுதுங்கள். போன் செத்தாலும் நோட்டு இருக்கும். எந்த நிற மண்ணில், ஓடையின் எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பிறகு புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்கோ, அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ அனுப்புங்கள். இடத்தின் சரியான குறிப்பைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். மறுநாளே கடப்பாரையோடு ஆள் வந்துவிடுவார்.

எலும்புக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு பாசிலின் மதிப்பில் பாதி அது கிடந்த இடம். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் வயதும் தெரியும். வீட்டு ஷோகேஸில் ஏறிய அம்மோனைட் சில ஆண்டுகளில் வெறும் அழகுக்கல் ஆகிவிடுகிறது. படத்தை எடுத்துக்கொண்டு கல்லைக் கிடந்த இடத்திலேயே, கிடந்த பக்கமாகவே வையுங்கள்.

பாம்பும் வெயிலும்

சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் வாழும் நிலம். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை விடாதீர்கள். கல்லைப் புரட்ட வேண்டுமென்றால் உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அப்போது கல் உங்களுக்கும் அதன் அடியில் இருப்பதற்கும் இடையே தடுப்பாக நிற்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, பெரம்பலூர் அல்லது அரியலூர் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். பள்ளத்துக்குள் போன் சிக்னல் போய்விடும், எனவே ஒருவர் எப்போதும் மேட்டில் இருப்பது நல்லது.

வாரணவாசியும் அதற்குப் பிறகும்

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகும் சாலையில் வாரணவாசி. அங்கே உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் துண்டாகப் பார்த்தவற்றை இங்கே முழுதாகப் பார்க்கலாம். காரையில் எடுத்த படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றோடு பிள்ளைகளையே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் அருங்காட்சியகம், பிறகு ஓடை என்று போகிறவர்கள் உண்டு. ஆனால் தானே தேடித் திணறிய பிறகு பெயர் தெரிந்துகொள்வதுதான் மனதில் நிற்கிறது. அரசு அருங்காட்சியகங்கள் வெள்ளிக்கிழமை மூடுவது வழக்கம், அதனால் சனி, ஞாயிறில் வையுங்கள். இரண்டாம் சனியாக இருந்தால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாலை மிச்சமிருந்தால் அதே பக்கம் கரைவெட்டி ஏரி. 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வலசை வாத்துகள் நிறையும். பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்பதால், காலையில் கேட்ட "அதெல்லாம் எங்கே போச்சு?" என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்லிவிடலாம்.

சென்னை திரும்புகிறவர்கள் மறுநாள் திண்டிவனம் – புதுச்சேரிச் சாலையிலிருந்து உள்ளே போய் திருவக்கரை கல்மரப் பூங்காவையும் பார்க்கலாம். 247 ஏக்கர். 1781இலேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் குறிப்பிட்ட இடம். அங்குள்ள மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் மறைந்து நான்கு கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து நின்ற காடு அது. சாத்தனூரில் ஊசியிலை மரத்தைப் பார்த்த கண்ணுக்கு, இங்கே பூக்கும் மரங்களின் அடிமரங்களும் சேர்ந்து கிடப்பது தெரியும். வக்கிரகாளியம்மன் கோயில் பக்கத்திலேயே இருப்பதால் பௌர்ணமியன்று கூட்டம் நெரியும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அந்த நாளை விட்டுவிடுங்கள்.